இல்லாத சுருதி

பேஸ் கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிரும். அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல், படுக்கையறைக்குள் அடங்காது. மைக்கைச் சற்று நகர்த்தினாலே ஒலி பருக்கும், இளைக்கும். அதனால்தான் வீட்டில் பதிவுசெய்பவர்கள் பலர் மைக் இல்லாமல், டிஐ (நேரடி இணைப்பு) பெட்டி வழியாகக் கிதாரை நேரடியாகச் செருகுகிறார்கள். 1960களில் டெட்ராய்ட்டின் மோடவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸும் நேரடியாகவே பதிவானது. பழைய தந்தி, மீட்டியது ஒற்றை ஆள்காட்டி விரல்!

வேடிக்கை இனிமேல்தான்.

கைப்பேசி ஸ்பீக்கரால் அந்த 41ஐ எழுப்பவே முடியாது. ஆனாலும் கேட்கிறது. 82, 123 என்று ஏறிக்கொண்டே போகும் மேலதிர்வுகளில் ஸ்பீக்கரால் எழுப்ப முடிந்தவற்றைக் கொண்டு மூளையே அதைக் கட்டிக்கொள்கிறது. மயக்கத்தில் இரண்டு ரகம். அத்வைதிகள் சொல்லும் கயிற்றுப் பாம்பு விளக்கு வந்ததும் மறையும். கானல்நீரோ, அறிந்த பின்னும் தெரியும். இது கானல்நீர் ரகம். ஆனால், கானல்நீர் தாகம் தீர்க்காது. இல்லாத இந்தச் சுருதிக்குக் கால் தாளம் போடுகிறதே, இதைப் பொய் என்பதா?

ஒலிக்கலவை செய்தவர் அந்தப் பேஸில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்திருப்பார், மேலதிர்வுகள் வளரட்டும் என்று.