நன்றி யாருக்கு?

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் நான்காம் வியாழனன்று ‘நன்றி நவிலும் நாள்’ கொண்டாடுகிறது அமெரிக்கா. உற்றார் கூடுவர், வான்கோழி விருந்து நடக்கும், உண்ட உணவுக்காக ஆண்டவனுக்கு நன்றி கூறுவர் பலர். நன்றியுணர்ச்சி நல்லதுதான், மறுப்பாரில்லை. ஆனால், யாருக்குரிய நன்றி யாருக்குச் செலுத்தப்படுகிறது?

வரலாறு விடை கூறும், தோழர்களே!

1620. மத உரிமை தேடியோரும் பிழைப்பு நாடியோருமாக 102 பயணிகளை இங்கிலாந்திலிருந்து சுமந்து வந்தது மேஃபிளவர் கப்பல். அவர்கள் குடியேறிய பிளிமத், ஆளில்லாக் காடன்று. வாம்பனோவாக் மக்களின் பட்டுக்செட் எனும் ஊர். ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோய், சில ஆண்டுகட்கு முன்பு அவ்வூரைச் சுடுகாடாக்கிவிட்டிருந்தது. முதற் குளிர்காலத்திலேயே வந்தவரில் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோரைப் பசி வாட்டியது.

காத்தவர் யார்? பட்டுக்செட்டில் பிறந்த திஸ்குவாண்டம்! 1614இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவனொருவன் பிடித்துச் சென்று ஸ்பெயினிலே விற்க முனைந்தானே, அதே மனிதர். திரும்பி வந்தார், ஊர் இல்லை, உறவு இல்லை. எனினும், வந்தேறிகளுக்கு மக்காச்சோளம் விதைக்கவும், மீனை உரமாக இடவும் கற்றுத் தந்தார். 1621 அறுவடையின்போது மூன்று நாள் விருந்து. வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட் 90 பேருடன் வந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தனர்.

இவற்றைக் குடியேறியோர் மறைத்தனரா? இல்லை, எழுதியே வைத்தனர். ஆனால், எப்படி? திஸ்குவாண்டம், ஆண்டவன் அனுப்பிய கருவி என்றார் ஆளுநர் பிராட்ஃபோர்டு. ஊரை அழித்த கொள்ளைநோயும் ஆண்டவன் செயலே. நிலத்தைத் தமக்களிக்க அவன் கொண்ட கருணை என்றது, ஜேம்ஸ் மன்னன் 1620இல் வழங்கிய பட்டயம். சாவும் அருள், உதவியும் அருள்! செத்தவனுக்காகக் கண்ணீர் இல்லை. உதவியவனிடம் கடன் இல்லை. கருவிக்கு யார் கடன்படுவர்?

இங்கேதான் இருக்கிறது சூழ்ச்சுமம். வானத்துக்குச் சொல்லும் நன்றி, வட்டியும் கேட்பதில்லை, முதலும் கேட்பதில்லை. மனிதனுக்குச் சொல்லும் நன்றியோ, நிலத்தைக் கேட்கும், நீதியைக் கேட்கும். ஆகவே எளியதைத் தேர்ந்தனர். 1676இல் மாசசாய்டின் மகன் மெட்டாகாம், மண்ணுரிமைக்காகப் போரிட்டு வீழ்ந்தார். அவர் தலை அதே பிளிமத்தில் கழியிலே செருகப்பட்டது!

1863இல் லிங்கன் அந்த நாளை நாட்டு விழாவாக அறிவித்தார். 1970 முதல் அதே நாளை, அதே பிளிமத்தில், துக்க நாளாக நினைவுகூர்கின்றனர் பழங்குடி மக்கள்.

விருந்து வேண்டாமென்று கூறவில்லை. கொடுத்த கையைக் கண்டு, அதற்குரிய உரிமையைத் திருப்பித் தருவதே நன்றி. மற்றது, கடன்காரன் பாடும் தோத்திரம்!