ஏகாந்தமும் அபயக்குரலும்

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி, மதுரையில் தம் சிற்றப்பா வீட்டிலிருந்து, பின்னாளில் உலகம் பகவான் ரமணர் என்று வணங்கப்போகிற பதினாறு வயது வேங்கடராமன் அருணாசலத்தை நாடிப் புறப்பட்டபோது, அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கென்று பெற்ற ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டு ரூபாயோடு ஒரு சீட்டையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். தம் பிதாவைத் தேடி அவர் உத்தரவின்படியே செல்வதாகவும், இதற்காக யாரும் விசனப்பட வேண்டாம் என்றும், தேடுவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும், சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. போகும் இடம் எது என்று மட்டும் அதில் இல்லை, கையொப்பமும் இல்லை.

அந்தச் சீட்டு தாயின் துக்கத்தை ஆற்றவில்லை. 1898-ஆம் ஆண்டின் கடைசியில் அழகம்மாள் திருவண்ணாமலைக்கு வந்து, பவழக்குன்றில் மௌனத்தில் ஆழ்ந்திருந்த மகனைக் கண்டு, வீட்டுக்கு வரும்படி நாள்தோறும் அழுது மன்றாடியதும், பிள்ளை வாய் திறவாமல் ஒரு காகிதத்தில் விடை எழுதிக் கொடுத்ததும் இவ்வூரார் அறிந்த சரித்திரமே. ஆயினும் என் சிந்தையைப் பிடித்து நிறுத்துவது அந்த முதற் சீட்டுத்தான். உற்றாரையும் ஊரையும் ஒருங்கே விட்டு நீங்கிய மகாபுருஷருக்கே, பின்னால் நிற்பவர்களின் மனக்கலக்கம் ஒரு பொருட்டாக இருந்தது. அப்படியிருக்க, நாலு நாள் மலைக்குப் போய்த் திரும்பும் இல்லறத்தார், தனிமையை நாடிப் போகிறவனுக்குத் தகவல் எதற்கு என்று சொல்லிவிட்டுப் போவது வைராக்கியமாகுமா, அல்லது வைராக்கியத்தின் பெயரால் பிறர் நெஞ்சில் ஏற்றும் பாரமாகுமா?

இந்தக் கேள்விக்கு இக்காலத்தில் ஒரு புதிய கூர்மை வந்திருக்கிறது. செல்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சாதனங்கள் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன. ஒன்று, அதற்கென்றே செய்த சிறு கருவி. கார்மின் நிறுவனத்தின் இன்ரீச் அந்த இனம், உள்ளங்கையில் அடங்கும், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் இரிடியம் அமைப்பின் 66 செயற்கைக்கோள்களின் வழியே பேசும், மூடியை விலக்கி உள்ளிருக்கும் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் அபயக்குரல் போய்விடும், மழைக்கும் அஞ்சாது, ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் உழைக்கும். மற்றொன்று, நம் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் ஸ்மார்ட்போன். 2022 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 14-இல் இவ்வசதியை அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிற்று. 2024 நவம்பரில் நம் பி.எஸ்.என்.எல்., வயாசாட் நிறுவனத்தோடு சேர்ந்து, 36,000 கிலோமீட்டர் உயரத்துக் கோளோடு போன் நேரே பேசும் சேவையை அறிவித்தது. ஐபோன்காரர் வெட்டவெளியில் நின்று, திரையில் தெரியும் குறி காட்டும் பக்கமெல்லாம் போனைத் திருப்பித் திருப்பிக் கோளை நோக்கிப் பிடிக்க வேண்டும். அடர்ந்த மரக்கிளையோ பாறைச் சரிவோ குறுக்கிட்டால் செய்தி போகாமல் நிற்கும்.

இரண்டில் எது மேல் என்று ஆராய்வோர் விலையையும் சந்தாவையும் மின்கலத்தின் ஆயுளையும் கணக்கிடுகிறார்கள். அவை வேண்டியவையே. ஆனால் யாத்திரிகனுக்கு அவற்றினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவு நடந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும்: அக்கினி லிங்கத்தின் முன் ஒரு கை கன்னத்தில் போட்டுக்கொள்ள, மறு கை வீடியோ அழைப்பில் வெளியூர் உறவினருக்குச் சந்நிதியைக் காட்டிக்கொண்டிருக்கும், பதினான்கு கிலோமீட்டரும் கால் நடக்க, சித்தம் வேறெங்கோ சஞ்சரிக்கும். அந்தப் பக்தரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அன்பினால்தான் அதைச் செய்கிறார். ஆனால் ஏகாந்தத்தைக் கலைப்பது ஆபத்தில் ஒருமுறை கூப்பிட வழி இருப்பது அன்று, ஆபத்தே இல்லாதபோதும் ஓயாமல் பேச வழி இருப்பதுதான். பையின் அடியில் கிடந்து, வேண்டும்போது மட்டும் பேசுகிற கருவி தவத்துக்கு இடையூறு செய்வதில்லை. சகல உலகத்தையும் உள்ளே வைத்திருக்கும் போனோ, கோளோடு பேசக் கற்றுக்கொண்டால், அலை எட்டாத கடைசி இடங்களையும் நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளும். ஆகையால் மலைக்குப் போகிறவர் கையில் ஒற்றைத் தொழிற் கருவி இருப்பதே தகும் என்பது என் துணிபு.

இதை வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று தள்ளிவிடலாகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண்கள், ஆழ்கடலில் இருந்த கணவன்மார்க்கும் பிள்ளைகளுக்கும் புயல் வருகிறது என்று சொல்ல வழியின்றி, அவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று அறியவும் வழியின்றி நாட்கணக்கில் காத்திருந்ததை யார் மறக்க முடியும்? இஸ்ரோ நிறுவனம் மீனவர்க்கென்று செய்த அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருந்தது. அது கோளின் வழியே ஆபத்தைக் கரைக்குச் சொல்லும், ஆனால் சொன்னது கேட்டதா என்று படகில் இருப்பவனுக்குத் திருப்பிச் சொல்லாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாந் தலைமுறைக் கருவியில்தான், குரல் கேட்டது என்ற பதில் படகுக்குத் திரும்பிவரும் ஏற்பாடு அமைந்தது. அக்கருவியைப் போனோடு இணைத்தால், வரும் செய்தியைத் தாய்மொழியிலேயே படிக்கலாம். போன் துணையாக நிற்க, அபயம் கூவும் வேலை தனிக் கருவியிடமே இருக்கிறது. பிரார்த்தனை செய்கிறவன் விடை வராமலேயே நம்பிக் காத்திருக்கக் கற்றவன். அது பக்தியின் பெருமை. ஆனால் மனிதர் மனிதருக்குச் செய்யும் உதவியில், கேட்டுவிட்டோம் என்று சொல்லாமல் ஒருவனை அலைகடலில் காக்க வைப்பதற்கு எந்தப் பெருமையும் இல்லை.

சரணாகதி செய்தவனுக்குக் கருவி எதற்கு, அதை எடுத்துப் போவதே அவிசுவாசமாகாதா என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரையை எடுத்துக்காட்டுவார்கள். கால் தேய்ந்தபின் கையால் ஊன்றியும், கையும் தேய்ந்தபின் மார்பால் உந்தியும், பின் புரண்டும் சென்ற அப்பெருமான் யாரையும் துணைக்கு அழைக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் பெரிய புராணம் அங்கே முடியவில்லை. இறைவனே ஒரு முனிவராய் எதிரே வந்து, திரும்பிப் போகச் சொல்லித் தடுத்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியைக் காட்டியருளினான் என்றல்லவா அது சொல்கிறது! உடம்பு பாழாவதை அந்த அருள் விரும்பவில்லை. உதவிக்கு ஓடிவரும் வனக்காவலரும் தீயணைப்பு வீரரும் கடலோரக் காவற்படையினரும் அவன் அனுப்பிய முனிவர்கள் அல்லர் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே தடை பக்தியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் முதலாக, உரிமம் இன்றி இத்தகைய கருவி வைத்திருப்பது நம் தேசத்தில் குற்றம். 2024 டிசம்பரில்கூட இன்ரீச் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். 2008-இல் மும்பையைத் தாக்கிய கொலைகாரர் கையில் செயற்கைக்கோள் போன் இருந்ததை நினைத்தால் அரசின் அச்சம் நியாயமானதே. ஆனால் மீனவனுக்குக் கருவியைக் கொடுக்கத் தெரிந்த அரசு, யாத்திரிகனுக்கும் கொடுக்கலாம். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் நெஞ்சடைத்தும் மூச்சுத் திணறியும் பக்தர்கள் மாண்ட செய்தி ஆண்டுதோறும் வருகிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, எங்கள் அண்ணாமலையின் சரிவு மழையில் இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைக் கொண்டது. அவ்வாண்டு கார்த்திகைத் தீபத்துக்கு மலையேறப் பொதுமக்களை அரசு விடவில்லை. மலையேறும் பாதை மீண்டும் திறக்கும் நாளில், அறநிலையத் துறையும் வனத்துறையும் சேர்ந்து உரிமம் பெற்ற அபயக் கருவிகளை அடிவாரத்தில் வைத்து, ஏறுகிற ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்றை இரவலாகக் கொடுத்து, இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளியங்கிரியில் பிப்ரவரியில் யாத்திரை தொடங்கும். அங்கேயே முதலில் செய்யட்டும்.