மலைச்சரிவின் இரசமும் நம் வீட்டு மேசையும்



பிரான்சு தேசத்தில் அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும் உள்ள குடும்பங்கள் நம் காரைக்கால் பகுதியில் பல உண்டு. நம்மவர் அங்கே விடுமுறைக்குப் போனால், மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுக்கு அழைத்துப்போய் இரசத்தை ருசி பார்க்கச் சொல்வது அந்நாட்டு உபசாரம். கத்தோலிக்கன் அந்தக் கிண்ணத்தை வாங்கலாமா?

அல்சாஸ் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வோஜ் மலையின் கிழக்குச் சரிவில் திராட்சை ஊர்கள் வரிசையாய் இருக்கின்றன. அவற்றை இணைத்து 1953-ல் ஏறக்குறைய 170 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை வகுத்தார்கள். மேற்கேயிருந்து வரும் மழையை மலை தடுத்துவிடுவதால் சரிவில் வெயில் நன்றாய்க் காய்கிறது, பழமும் நன்றாய்க் கனிகிறது. செங்குத்தான இடங்களில் யந்திரம் ஏறாது. குடும்பத்தார் கூடையோடு ஏறிக் கையால் கொய்யவேண்டும். அப்படிப்பட்ட வீட்டின் நிலவறையில், விருந்தாளியின் கிண்ணத்தில் அடி நனையும் அளவே ஊற்றுவார்கள். அவர் நிறத்தை வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் நாவில் உருட்டி, பல சமயம் துப்பியே விடுவார்! அதற்கென்று பாத்திரமும் வைத்திருக்கும். (நம்மூர்ச் சாராயக்கடை வாடிக்கைக்காரர் இதைக் கண்டால் நெஞ்சு வெடித்துப்போவார்.) ஏனென்றால், மயங்கினவனுக்கு நாலாவது கிண்ணத்துக்கும் ஐந்தாவதுக்கும் பேதம் தெரியாது. ருசி பார்க்கப் புத்தி தெளிவாய் இருக்கவேண்டும். குடிகாரன் ருசி பார்ப்பதே இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

ஆகையால் இரசத்தையே சபிப்பவர்களோடு நாம் சேரமுடியாது. பூசைக்குத் திராட்சைக் கனியிலிருந்து வந்த, கெட்டுப்போகாத இயற்கை இரசமே வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். கானாவூரில் சேசுநாதர் நிரப்பச் சொன்னவை ஆறு கற்சாடிகள், கொஞ்சமல்ல! திராட்சை நமக்கு அந்நியம் என்பதும் சரியல்ல. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை ஒரு பிரெஞ்சு குருவானவரே கொண்டுவந்தார் என்பது சொல்வழக்கு.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதை வெகு நிதானமாய் ஆராய்கிறார். எந்தப் பானமும் தன்னிலேயே விலக்கப்பட்டதல்ல. ஆனால் எளிதில் நிலை தடுமாறுகிறவனுக்கும், குடிப்பதில்லையென்று வார்த்தைப்பாடு கொடுத்தவனுக்கும் அது ஆகாது. அளவு மீறினாலும் ஆகாது. பிறருக்கு இடறலானாலும் ஆகாது.

இந்தக் கடைசிக் காரணம்தான் நம்மூருக்கு வந்து சேருகிறது. நண்டலாற்றுக்கு அப்பாலிருந்து குடிப்பதற்கென்றே ஆட்கள் வரும் சீமை இது. கடலுக்குப் போய்வந்தவனின் பங்குப்பணம் வீட்டுப்படி ஏறுமுன் கரைந்துபோவதை எத்தனை தாய்மார் அறிவார்கள்! அப்படிப்பட்ட ஒரு வீட்டில், தபசுகாலத்தில் குடியை விட்டு மூன்று மாதம் தாண்டின ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சிலிருந்து வந்தவர் பெட்டியைத் திறந்து, “மச்சான், இது அல்சாஸ் இரசம், குடியில் சேராது” என்று புட்டியை மேசைமேல் வைக்கிறார். அடுப்படி வாசலில் அவன் மனைவி ஒன்றும் பேசாமல் நிற்கிறாள்.

“அவனுடைய பலவீனத்துக்காக நான் ஏன் என் சுயாதீனத்தை விடவேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சகோதரனுக்கு இடறலாகுமானால் இறைச்சியையும் இரசத்தையும் தொடாதிருப்பது நன்று என்று அர்ச். சின்னப்பர் எழுதினபோது, அவற்றைக் கெட்டவை என்று அவர் எண்ணவில்லை. அவற்றை உண்ணத் தமக்குள்ள உரிமையையும் அறிந்தேயிருந்தார். மலைச்சரிவில் குற்றமற்றதாயிருந்த அதே கிண்ணம், இந்த மேசைமேல் ஒரு மனுஷனின் மூன்று மாதப் போராட்டத்தை ஒரே மாலையில் கவிழ்த்துவிடக்கூடும். இரசம் மாறவில்லை, எதிரில் உட்கார்ந்திருப்பவன் வேறு.

புட்டியைத் திறக்காமல் பெட்டியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். உறவினர் கோபிக்கமாட்டார், கோபித்தாலும் இரண்டு நாளில் சரியாகிவிடும். யந்திரம் ஏறாத சரிவு, கூடை சுமக்கும் குடும்பம், துப்புவதற்கென்று வைத்த பாத்திரம், எல்லாவற்றையும் மச்சானுக்குச் சொல்லட்டும். அந்தப் பாத்திரத்தின் கதைக்கு அவனும் சிரிப்பான்.