நடந்த வழியும் நடக்கவிடாத வழியும்



இந்நாட்டில் குடியேறிய நம்மவருக்கு வியப்பைத் தரும் காட்சிகளுள் ஒன்று ஒரு சிறிய மரப்பலகை. மோர்டனிலிருந்து தெற்கே பொக்ஸ் ஹில் பக்கம் சென்றால், யாரோ ஒருவருடைய வயலோரத்தில், யாரோ ஒருவருடைய மாட்டுப் பட்டிக்கு அருகில், ‘பொது நடைபாதை’ என்று அப்பலகை திசை காட்டி நிற்கும். காணி அவருடையது; வழி எல்லோருடையது. காணி உறுதியில் வழியும் வாய்க்காலும் கிணற்றுப் பங்கும் எழுதி வைத்து, அவற்றுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய மரபில் வந்தவர்கள் நாம். ஒருவருடைய காணியில் பிறர் நடந்து நடந்தே ஓர் உரிமையைப் பெறுவது நியாயமா என்ற கேள்வி நமக்கு எழுவது இயல்பே.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் பொது வழிகளைப் பதிவு செய்யும் வரைபடங்கள் உருவாயின. அவற்றை ‘டெஃபினிட்டிவ் மேப்’ என்பர். வெளி இலண்டனைச் சேர்ந்த நமது மேர்ட்டன் கவுன்சிலுக்கும் அப்படி ஒரு வரைபடத்தைப் பேணும் கடமை உண்டு. வரைபடத்தில் இல்லாத வழியைச் சேர்க்கும்படி 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எவரும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, ஒரு வழியைப் பொதுமக்கள் 20 ஆண்டுகள் இடையீடின்றி உரிமையோடு பயன்படுத்தியிருந்தால், காணிக்காரர் அதை ஊருக்கு விட்டுவிட்டார் என்றே கொள்ளப்படும். ‘உரிமையோடு’ என்பதற்கு மூன்று நிபந்தனைகள்: வல்லந்தமாக நடந்திருக்கக் கூடாது, களவாக நடந்திருக்கக் கூடாது, அனுமதி பெற்று நடந்திருக்கவும் கூடாது.

விண்ணப்பத்தோடு, நடந்தவர்கள் ஒவ்வொருவரும் எந்த ஆண்டு முதல், எத்தனை முறை, எதற்காக நடந்தோம், யாரேனும் தடுத்தார்களா என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். காணிக்காரருக்கு அறிவித்தல் போகும். கவுன்சில் விசாரித்து ஆணை பிறப்பித்த பின் எவரேனும் ஆட்சேபித்தால், அரசாங்கம் நியமிக்கும் பரிசோதகர் ஒருவர் முடிவு செய்வார். அந்த வழி அழகானதா, வசதியானதா, அதனால் காணிக்காரருக்கு இடைஞ்சலா என்பவற்றை அங்கே ஆராய்வதில்லை. உரிமை ஏற்கனவே இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. அதாவது, கவுன்சில் உரிமையைக் கொடுப்பதில்லை; இருப்பதை ஒப்புக்கொள்கிறது.

மூன்றாவது நிபந்தனைதான் நம் மனத்தைச் சற்று உறுத்துகிறது. பணிவாக அனுமதி கேட்டு நடந்தவனுக்கு உரிமை இல்லை. கேளாமல் நடந்தவனுக்கு உண்டு. இது நன்றி கெட்ட சட்டம் அல்லவா? ஊரிலே அயல்வீட்டார் வேலியில் ஒரு கடப்பு விட்டு வைத்திருப்பார். அவ்வழியே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், பெரியவர்கள் கோயிலுக்குப் போவார்கள். அந்தப் பெருந்தன்மையை ஒரு நாள் சட்டமாக்கி அவருக்கு எதிராகவே திருப்புவது அறமா?

சற்று ஆழ்ந்து பார்த்தால், சட்டம் பெருந்தன்மையைத் தண்டிக்கவில்லை என்பது விளங்கும். ‘நடந்து போங்கள், ஆனால் இது என் அனுமதி’ என்று ஒரு பலகை வைத்தால் போதும். அல்லது கவுன்சிலிடம் வரைபடமும் பிரகடனமும் கொடுத்து வைத்தால் போதும். அவருடைய காணிக்குப் பங்கம் வராது. நம் மோர்டன் ஹோல் பூங்காவையே பாருங்கள். கில்லியட் ஹட்ஃபீல்ட் என்ற கனவான் 1941இல் காலமானபோது அதை நஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச் சென்றார். அந்த அமைப்பு மனமுவந்து திறந்து வைத்திருப்பதாலேயே வண்டில் ஆற்றங்கரையில் நாம் காற்று வாங்குகிறோம். அது உபகாரம், அதற்கு நன்றி செலுத்துவதே முறை.

சட்டம் கேள்வி கேட்பது மௌனத்தை. தடுக்கும் எண்ணம் மனத்தில் இருந்தது என்று பிற்பாடு சொன்னால் போதாது, அந்த எண்ணம் நடப்பவர்களுக்குத் தெரியும்படி வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று 2007இல் பிரபுக்கள் சபை கோட்மான்செஸ்டர் வழக்கில் தீர்ப்பளித்தது. இதில் ஒரு நல்ல அறக் கருத்து இருக்கிறது. ஒருவர் மௌனமாக இருக்க, அந்த மௌனத்தை நம்பிப் பிறர் தம் வாழ்வை அமைத்துக் கொள்கிறார்கள். 20 ஆண்டுகள் பார்த்திருந்துவிட்டு ஒரு காலையில் படலையைப் பூட்டுபவர், தாம் வளரவிட்ட நம்பிக்கையையும் சேர்த்துப் பூட்டுகிறார்.

ஆயினும் இதைவிடக் கடினமான ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நடந்ததால்தான் உரிமை வருமென்றால், நடக்கவே விடப்படாதவர்களுக்கு என்ன வழி?

1924 மார்ச் 30ஆம் திகதி திருவிதாங்கூரின் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமை கோரிச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலுக்குள் போக அல்ல, வீதியில் நடக்க மட்டுமே. தலைவர்கள் கைதானபின் ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சென்று போராட்டத்தை நடத்தி இருமுறை சிறை சென்றார். 1925 நவம்பரில் மூன்று பக்கத்து வீதிகள் திறக்கப்பட்டன. கிழக்கு வீதி திறக்கப்படவில்லை. 1936இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே தடுத்தவர்கள் முன்வைத்ததும் நெடுங்கால வழக்கத்தையே. அவர்களிடம் 20 ஆண்டு அல்ல, பல தலைமுறை வழக்கம் இருந்தது. தடுக்கப்பட்டவர்களிடம் ஒரு நாள் நடந்த சாட்சிகூட இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்தவையும் நமக்குத் தெரியும். திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தியையே விலகச் செய்தான் சிவபெருமான் என்று பெரியபுராணம் சொல்வதைக் கதாப்பிரசங்கங்களில் கேட்டு உருகும் நாம், மனிதர் மட்டும் விலகாமல் நின்ற வாசல்களையும் நினைக்க வேண்டும்.

ஆகவே, நடை உரிமைக்குச் சாட்சி. உரிமையின் வேர் அன்று. மனிதர் ஒருவரோடொருவர் கூடி வாழ வேண்டுமானால் ஒருவரைக் கடந்து ஒருவர் போகத்தான் வேண்டும் என்பதே வேர். இதை இந்நாட்டுச் சட்டமும் ஒருவகையில் ஏற்கிறது. இலங்கையில் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி 10 ஆண்டு அனுபவத்தால் ஒருவர் வழியுரிமையை நிலைநாட்டினால், அது பொதுவாக அவருடைய காணிக்கே சேரும். இங்கே பொது வழி என்று பதிவானால் அது ஊருக்கு மட்டுமல்ல, உலகுக்கே சேரும். பாட்டன் காலம்முதல் நடந்தவருக்கும் நேற்று ஹீத்ரோவில் வந்திறங்கியவருக்கும் உரிமை ஒன்றே. 1864இல் விம்பிள்டன் பொதுவெளியை அடைக்க முனைந்த ஏர்ல் ஸ்பென்சரை எதிர்த்து 1871இல் சட்டம் பெற்றவர்களும், 1932இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் நடந்து சிறை சென்ற ஐந்து இளைஞரும் நம்மை அறிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் தேடிய பலனை நாமும் நம் பிள்ளைகளும் அனுபவிக்கிறோம்.

இன்னொரு கோட்பாடு நம் நெஞ்சைத் தொடுவது. ஒருமுறை பொது வழியானது என்றும் பொது வழியே. எத்தனை காலம் ஒருவரும் நடவாமற் போனாலும் அந்த உரிமை தானாக அழிவதில்லை என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய விதி. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. வேலிக்கு அப்பால் முட்செடி மூடிக் கிடந்த ஒழுங்கைகளில் அவர்கள் பல பத்தாண்டுகள் கால் வைக்க முடியவில்லை. அங்குள்ள சட்டம் எதுவாயினும் இருக்கட்டும். நடக்க முடியாமற் போனதை, நடக்க விரும்பாமற் போனதாக எண்ணக் கூடாது என்பது எந்நாட்டுக்கும் பொருந்தும் நீதி.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய பத்திரங்களின் ஆதாரத்தில் வழிகளைப் பதிவு செய்ய முதலில் 2026 ஜனவரி 1 கடைசி நாளாகக் குறிக்கப்பட்டு, பின்னர் 2031க்குத் தள்ளப்பட்டது. அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. கெடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்தவர்களின் நினைவுக்கு ஆயுள் குறுகியதே. உங்கள் அயலில் நெடுநாள் நடந்த வழி ஒன்று அடைபட்டால், அயலவர் கொண்டுவரும் சாட்சிப் படிவத்தை ‘இது வெள்ளைக்காரர் விவகாரம்’ என்று ஒதுக்காதீர்கள். நடந்த ஆண்டுகளைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுங்கள். பொய்ச் சாட்சியால் பெற்ற வழி பொது வழியாகாது. வயல்வழியே போகும்போது பாதையை விட்டு விலகாமல், திறந்த படலையைத் திறந்தபடியும் மூடிய படலையை மூடியபடியும் விட்டு வர நம் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அத்தோடு, நம் வீட்டுக்கும் நம் சங்கத்துக்கும் நம் ஆலயத்துக்கும் வரும் வழியில் யார் தயங்கி நிற்கிறார்கள் என்பதையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் 20 ஆண்டுச் சாட்சி கொண்டுவரும்வரை காத்திருப்பது நமக்கு அழகல்ல.

எல்லோருக்கும் எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.