பரீட்சையும் பட்சபாதமும்

ஒரே பாடத்தைச் சிலர் உபாத்தியாயருக்கு எதிரே அமர்ந்தும், சிலர் தொலைவில் கைப்பேசித் திரை வழியாகவும் கேட்கிற வகுப்பில், ஆண்டின் முடிவில் இரு சாராருக்கும் எந்தப் பரீட்சையின் பேரில் யோக்யதாபத்திரம் வழங்குவது என்பது, நிர்வாக சௌகரியத்தைச் சார்ந்த விஷயமாகவே பெரும்பாலும் பேசப்பட்டு வந்திருக்கிறது. உண்மையில் அது தர்மத்தைச் சார்ந்த விஷயம். பத்திரத்தை நம்பி வேலை கொடுக்கிறவனும், நாளை அதே பத்திரத்தை நம்பிச் செவிலியின் ஊசிக்குக் கை நீட்டப்போகிற நோயாளியும் பரீட்சை மண்டபத்துக்குள் வருவதில்லை. எனினும், மாணாக்கனுக்கு உள்ள உரிமைக்குச் சற்றும் குறையாத உரிமை அவர்களுக்கும் அங்கே உண்டு.

கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021-ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தாகி, மதிப்பெண்ணை வேறு வழியில் கணக்கிட வேண்டிய நிர்ப்பந்தம் வந்தபோது, பத்தாம் வகுப்பில் அதிகம் பெற்ற 3 பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20, பிளஸ் டூவின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்குமாக 30 என்று அரசு வகுத்தது. எல்லோருக்கும் ஒரே சூத்திரம் என்ற மட்டில் அதில் பட்சபாதம் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் புத்தியாக இருந்து, பிளஸ் டூவில் பொறுப்பு வந்து விழுந்து விழுந்து படித்தவனுக்கு, அந்தப் படிப்பைக் காட்ட அச்சூத்திரத்தில் இடம் மிகக் கொஞ்சம். திருப்தியில்லாதவர்கள் தனியாகத் தேர்வெழுதலாம் என்று வைத்த விதிதான் அந்த ஏற்பாட்டிலேயே மெச்சத்தக்க அம்சம்.

இங்கிலாந்தில் அதற்கு முந்தைய ஆண்டு, அதேபோல் தேர்வு ரத்தானபோது, நடந்தது இன்னும் கசப்பானது. தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால், ஆசிரியர்கள் மதிப்பிட்டுத் தந்த தரங்களை, அந்தந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் பெற்ற முடிவுகளோடு பொருத்திக் கணினிச் சூத்திரத்தால் திருத்தியது. 2020 ஆகஸ்ட் 13 அன்று பள்ளியிறுதித் தேர்வான ஏ-லெவலின் முடிவுகள் வெளியானபோது, ஆசிரியர் தந்தவற்றில் ஏறக்குறைய 39 சதவீதம் கீழே இறங்கியிருந்தன. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீடு அப்படியே விடப்பட்டது. சிறிய வகுப்புகள் அதிகம் இருப்பது கட்டணப் பள்ளிகளில் என்பதால், அந்தச் சலுகை யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில் சூத்திரம் கைவிடப்பட்டு ஆசிரியர் மதிப்பீடே ஏற்கப்பட்டது. ஆசிரியர் மதிப்பீட்டிலும் வாஞ்சையும் தாராளமும் கலந்திருக்கும் என்பது வாஸ்தவமே. ஆனாலும், தன்னைக் கண்ணால் கண்ட ஒருவர் தாராளமாகப் போட்ட தரத்தைவிட, தன் பள்ளியில் தனக்கு முன்பு படித்தவர்களின் தோல்வியைத் தன் தலையில் சுமத்திப் போட்ட தரம் பன்மடங்கு அநியாயமானது.

வீட்டிலிருந்தபடியே காமிராவின் முன் எழுதுகிற பரீட்சை இவ்விரண்டுக்கும் மாற்றாகச் சொல்லப்படுகிறது. ஒற்றை அறை வீட்டில், கட்டிலின் ஓரத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு மாணவி எழுதுகிறாள். பின்னால் தம்பி குறுக்கே போகிறான், அடுத்த வீட்டுக் குரல் சுவரைத் தாண்டி வருகிறது, மின்சாரம் போய் முகம் இருளுகிறது, சிக்னல் அறுந்து இரண்டு நிமிஷம் கழித்து ஒட்டுகிறது. இவை ஒவ்வொன்றையும் முறைகேட்டின் அடையாளமாகக் குறித்துக்கொள்ளும்படிதான் கண்காணிப்பு மென்பொருள் அமைந்திருக்கிறது. தனி அறையும் தடையற்ற இணைப்பும் உள்ளவனிடம் அதற்குச் சந்தேகம் எழுவதே அபூர்வம். இந்தச் சந்தேகத்தையே தீர்ப்பாக்கி முடிவை நிறுத்திவைத்துவிட்டு, நிரபராதி என்று அவளே நிரூபிக்கட்டும் என விடுவது, குற்றம் சாட்டுகிறவன்மேல் இருக்கவேண்டிய நிரூபணச் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவள்மேல் ஏற்றுவதாகும்.

கண்காணிப்பே வேண்டாமென்றால், விடைகளை வாட்ஸாப்பில் பரிமாறிக்கொள்ளாமல் நேர்மையாக எழுதியவன் ஏமாளியாகிறான் என்ற எதிர்வாதமும் லேசில் தள்ளத்தக்கதன்று. ஆகவே கற்கும் இடத்தையும் பரீட்சிக்கும் இடத்தையும் பிரித்து வைப்பதே உசிதம். மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பல பாடங்களில் இணையவழிப் பயிற்சிகளுக்கு 30 மதிப்பெண்ணும், மையத்துக்கு நேரில் போய் எழுதும் இறுதித் தேர்வுக்கு 70 மதிப்பெண்ணும் ஒதுக்குகிற வழக்கம் இந்த வகையைச் சேர்ந்தது. மலைக்கிராமத்துப் பெண் மாவட்டத் தலைநகர் மையத்துக்குப் போய்வர, துணைக்கு வரும் தகப்பனார் ஒரு நாள் கூலியை இழக்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்து, மையத்தை அவளுக்கு அருகே கொண்டுபோவதோ, பிரயாணச் செலவை ஏற்பதோ நிறுவனத்தின் கடமை. அந்த 30 மதிப்பெண்ணிலும், எழுதித் தந்த கட்டுரையைப் பற்றி அவரவரிடமே பத்து நிமிஷம் வாய்மொழியாக விசாரித்தால், பிறர் எழுதித் தந்ததன் சாயம் பெரும்பாலும் வெளுத்துப்போகும். அதற்கு ஆசிரியர்கள் போதாது என்பார்கள். வகுப்பறையை இணையத்துக்கு மாற்றி மிச்சம் பிடித்த பணத்தை வேறு எதற்குச் செலவிடுவதாக உத்தேசமோ தெரியவில்லை.

இனி, நேரில் படித்தவரா, இணையத்தில் படித்தவரா என்பதைப் பத்திரத்தில் குறிப்பதா? அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் படிப்பின் பட்டங்களுக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியது. பரீட்சித்தது ஒன்றாக இருக்கும்போது, உட்கார்ந்த இடத்தைக் குறிப்பது வெறும் முத்திரை குத்தல். பரீட்சித்ததே வேறாக இருந்தால், அதைச் சொல்லாமல் மறைப்பது பொய்ச்சாட்சி. பியூரெட்டின் திருகை விரலால் அடக்கி, இன்னும் ஒரே சொட்டில் பினாப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும் கணத்தைப் பிடிப்பதைக் காணொளியில் நூறு முறை பார்த்தவனும், ஒரு முறையேனும் தானே செய்து தவறவிட்டவனும் ரசாயனத்தில் சமமல்லர். அப்படிப்பட்ட பாடங்களில், பத்து நாளோ பதினைந்து நாளோ ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்து, செய்ய வைத்துப் பார்த்த பிறகே பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாமதத்துக்காக இன்னொரு பருவக் கட்டணம் மாணவனிடம் வசூலிக்கவும் கூடாது.