பீளையும் உவர்ப்பின்மையும்



கண்ணோரத்தில் திரளும் அழுக்கிற்குப் 'பீளை' என்பது பழம்பெயர். பேச்சில் 'பூளை' என்பாரும் உளர். வெண்பஞ்சு போலப் பூக்கும் சிறுபீளைச் செடியின் பெயரிலும் இச்சொல் உண்டு. எனவே இதனை இழிசொல்லென ஒதுக்க வேண்டுவதில்லை. நீரும் எண்ணெய்ப் பசையும் சளிப் பசையும் சேர்ந்தே நம் கண்ணை நனைத்துக் காக்கின்றன. விழித்திருக்கையில் இமை அவற்றை அவ்வப்போது துடைத்துவிடுகிறது. உறக்கத்தில் இமை அசையாமையால் மூக்கை ஒட்டிய முனையில் திரண்டு உலர்கின்றன. அதுவே பீளை. அரசனுக்கும் உண்டு, ஆண்டிக்கும் உண்டு.

சமண முனிவர் பாடியதாகப் போற்றப்படும் நாலடியாரில் 'தூய்தன்மை' என்றோர் அதிகாரம் உண்டு. குவளை, கயல், வேல் என்றெல்லாம் புகழப்படும் கண், உள்ளிருக்கும் நீரை அகற்றிவிட்டால் நுங்கு தோண்டிய குழி போன்றதே என்று அதில் ஒரு பாடல் காட்டுகிறது. நுங்கு தின்று வளர்ந்த நம் மக்களுக்கு இதற்கு உரையும் வேண்டுமோ! பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் ஆறாவதான அசுசிச் சிந்தனை இதுவே.

அச்சிந்தனை தன் உடல்மீதுள்ள செருக்கை அறுப்பதற்காக அருளப்பட்டது. பிறர் உடலை இகழ்வதற்கு அன்று. முதியோர் கண்ணில் பீளை வடிய, பேரப்பிள்ளைகள் அருகில் அமர மறுப்பதும், "உடம்பே அசுசிதானே" என்று பெரியவர்கள் தத்துவம் பேசிக் கடந்து போவதும் இங்கே வேங்கிக்காலிலும் நாம் காண்பதுதான். இது தத்துவமன்று, வெறும் அருவருப்பு. அருவருப்பு நீங்குதலே நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதாகிய நிர்விசிகித்சை. அதனை 'உவர்ப்பின்மை' என்று தமிழாக்கிய நம் முன்னோரின் சொல்வன்மையை என்னென்பது!

இவ்வுறுப்பிற்குச் சான்றாக உத்தாயண மன்னனைச் சொல்வர். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன், உண்ட உணவை அரசன்மீதே வாந்தியெடுத்தான். அரசனும் அரசி பிரபாவதியும் முகம் சுளிக்கவில்லை. தாம் அளித்த உணவில்தான் குறை போலும் என்று வருந்தி, அவர் உடலைக் கழுவித் துடைத்தனர். உடல் அசுசி என்பதை அறியாதவனா அவ்வரசன்? அறிந்தவனாதலின் அதனைக் கண்டு வியக்கவுமில்லை, விலகவுமில்லை.

அத்தனை பெரிய சோதனை நமக்கு வேண்டாம். வடிகட்டிக் காய்ச்சி ஆறிய நீர் நம் இல்லங்களில் எப்போதும் உண்டு. தூய பஞ்சை அதில் நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லத் துடைக்க வேண்டும். உலர்ந்து ஒட்டியதைப் பிய்க்காமல் சற்று நனைய விடுக. ஒரு கண்ணைத் துடைத்த பஞ்சு மறு கண்ணிற்கு ஆகாது. மஞ்சளாகவோ பச்சையாகவோ மிகுதியாக வடிந்தாலும், கண் சிவந்து வலித்தாலும், பார்வை மங்கினாலும் கண் மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்க. துடைத்தபின் சோப்பிட்டுக் கைகழுவுவது உவர்ப்பாகாது. தொற்று பிறரைச் சேராமல் காப்பதும் அகிம்சையே. பஞ்சை நனைத்துத் தரும் வேலையைப் பேரப்பிள்ளையிடமே கொடுக்கலாம்.