சிக்னல் எட்டாத லயமும் ஊழ்வினையும்

"தோட்டத்தில் பிறந்தது அவர்கள் தலைவிதி, மலைக்குள் சிக்னல் வராவிட்டால் யார்தான் என்ன செய்வது?" இப்படிப் பேசுகிறவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். ஆனால் இந்தப் பேச்சு பொறுப்பை மனிதர் கையிலிருந்து எடுத்து வானத்தின் மேல் போட்டுவிடுகிறது. கண்டிக்குத் தென்கிழக்கே உள்ள ஹேவாஹெட்ட மலைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். நிலம் அங்கே முகடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. கோபுரத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் நடுவே ஒரு முகடு வந்துவிட்டால் அலை தேய்ந்துபோகும். தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில் நாலு கோடு காட்டும் போன், கீழ்க்கணக்கில் தொழிலாளர் வாழும் வரிசைவீடுகளான லயத்துக்கு இறங்கியதும் ஊமையாகிவிடும். இது பௌதிகம், மறுப்பதற்கில்லை. ஆனால் மலை எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இங்குள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையின் தேயிலை வணிகத்துக்கு அதுதான் தொடக்கம். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே ஆண்டில். கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. ஆகவே கடுகண்ணாவை மலையைக் குடைந்தார்கள். பிறகு தேயிலையும் அதே வழியில் இறங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் வணிகத்துக்கு இப்படித்தான் வழி பிறந்தது. 1883 முதல் நேரில் நடந்துவந்த கொழும்புத் தேயிலை ஏலம் சில வாரங்களுக்குள் இணையத்துக்கு மாறிவிட்டது. பாடசாலைகளும் அப்போது மூடப்பட்டு, பாடங்கள் ஈ-தக்சலாவ தளத்துக்கும் வட்ஸ்அப்புக்கும் போயிருந்தன. கொழுந்து இணையம் ஏறியது. அதைக் கிள்ளிய கைகளின் பிள்ளைகள் பலருக்குப் பாடம் வந்து சேரவில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கெடுப்புகளின்படி நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில் கணினி இருக்கிறது. தோட்டத்துறையில் பத்துக்கு ஒன்றுகூட இல்லை.

இதற்கு வினையைக் காரணம் காட்டுகிறவரின் வாதத்தை அதன் வலுவான இடத்தில் வைத்தே எதிர்கொள்ள வேண்டும். பௌத்த நூல்களில் அதற்கு ஆதாரம் உண்டு. மஜ்ஜிம நிகாயத்தின் சூளகம்மவிபங்க சூத்திரத்தில், மனிதருக்குள் ஏழையும் செல்வரும், மேலோரும் கீழோரும் ஏன் இருக்கிறார்கள் என்று சுபன் என்ற இளைஞன் கேட்கிறான்; அவரவர் செயலே காரணம் என்கிறார் புத்தர். திருக்குறளும் அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடுதான் முடிக்கிறது. ஆனால் சம்யுத்த நிகாயத்தில், மோலிய சீவகர் என்ற துறவியிடம் அதே புத்தர் வேறொன்றும் சொல்கிறார். மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் அனைத்துக்கும் பழவினையே காரணம் என்பது பிழை என்று சொல்லி, பித்தம், கபம், வாதம், அவை மூன்றும் கூடுதல், பருவமாற்றம், கவனக்குறைவு, பிறர் இழைக்கும் கொடுமை ஆகிய ஏழையும் வினைக்கு முன்பாக அடுக்குகிறார். வினை அந்தப் பட்டியலில் எட்டாவது. இரண்டு உபதேசங்களும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. சுபனுக்குச் சொன்னது, செய்கிறவன் தன் செயலைத் திருத்திக்கொள்வதற்காகச் சொன்னது. துன்பப்படுகிறவனைத் தாண்டிப் போகிறவன் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள அதை எடுத்தாளக் கூடாது. தனக்குத் தானே பொருத்திப் பார்த்தால் வினைக்கொள்கை ஒழுக்கத்தைத் தரும். பிறர்மேல் ஏவினால் அது வெறும் கைகழுவல். சைவருக்கும் இது பொருந்தும்.

வள்ளுவர்தான் ஆள்வினையுடைமையும் பாடியிருக்கிறாரே, பிள்ளைகள் முயன்றால் என்ன என்று கேட்கலாம். முயன்றார்கள். 2021இல் பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலைத் தேடிப் பாறை ஏறியதை உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. அந்த முயற்சியைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது பெரிய தவறு. மற்றப் பிள்ளை வீட்டில் புத்தகத்தை விரிக்கும் நேரத்தில் இந்தப் பிள்ளை பாறையில் ஏறிக்கொண்டிருக்கிறது. தொடங்கும் இடத்துக்கு வந்து சேருவதற்குள்ளேயே அதன் ஆள்வினை செலவாகிவிடுகிறது.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. இணையத்தை யாரும் யாருக்கும் தடைசெய்யவில்லை. காசு கொடுத்து ரீலோட் பண்ணினால் எவரும் பாவிக்கலாம். தடை இல்லாத இடத்தில் அநீதி எங்கே இருக்கிறது? இதைக் கேட்கும்போது எனக்கு இராமாநுசர் நினைவுக்கு வருகிறார். திருமந்திரத்தின் பொருளைக் கற்கத் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு, அங்கிருந்த குரு நம்பிகளிடம், பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவ மரபு. கேட்டறிந்த பிறகு கோயிலின் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னார். குருவின் ஆணையை மீறினார் என்பதையே நாம் வழக்கமாகப் போற்றுகிறோம். நான் நடந்த பதினெட்டு நடையை நீங்களும் நடந்து வாருங்கள் என்று அவர் சொல்லாததும் அதே அளவு பெரியது. நம்பிகள் கதவை மூடி வைத்திருக்கவில்லை, கடைசியில் சொல்லத்தான் செய்தார். ஆனாலும் அந்தத் தூரத்தை நடக்க எல்லோராலும் முடியாது. இராமாநுசர் அந்தத் தூரத்தையும் ஒரு தடையாகவே கொண்டார். 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. முழுநாள் வேலையாகக் கணக்கில் 'முழுப்பேர்' விழுந்தால்தான் அதுவும். சாதாரண ஸ்மார்ட் போன் ஒன்றின் விலை அப்போது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு; வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் அந்த ஒரு போனுக்கு மூன்று வகுப்புகள் காத்திருக்கும். செய்மதி இணையம் 2025இல் இலங்கைக்கு வந்துவிட்டது, இனி முகடு தடையில்லை என்பதும் பாதி உண்மைதான். முகட்டை அது தாண்டும், விலையைத் தாண்டாது.

சமயப் பற்றுள்ள சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறார்கள்: போன் புதிய ஆசைகளை வளர்க்கிறது, அது எட்டாத பிள்ளைகள் ஒருவகையில் காக்கப்பட்டவர்கள் அல்லவா? திரை மனத்தைச் சிதறடிக்கிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் துறவு என்பது கையில் உள்ளதை விடுவது. கிடைக்காததற்குத் துறவென்று பெயர் சூட்டினால் துறவும் மாசுபடும். அதோடு, போன் இப்போது கேளிக்கைப் பொருளாக மட்டும் இல்லை. 2022இல் எரிபொருள் கியூ.ஆர். குறியீட்டில் வந்தது. பரீட்சைப் பெறுபேறு இணையத்தில் வெளியாகிறது. அரசு தன் வாசலைத் திரைக்குள் மாற்றி வைத்த பிறகு, அந்த வாசலுக்குப் போகும் பாதையும் அரசின் கடமையாகிறது. அந்த நாள் முதல் இது தானத்தின் எல்லையைக் கடந்துவிட்டது.

தானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2005 அளவில் தொடங்கிய 'நெனசல' என்னும் கணினி, இணைய நிலையங்கள் பல விகாரைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் இடம்பெற்றன. அவற்றின் மின்நூலகத் திட்டம் 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் பெற்றது. வழிபாட்டிடம் அறிவுக்குக் கதவு திறந்த நல்ல முன்னுதாரணம் அது. ஆனால் அந்தக் கதவின் சாவி கொடுப்பவர் கையில் இருந்தது. லயத்துக் குடும்பத்துக்கு அது புதிதல்ல. குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதி கிடையாது, கூரைமேல் ஓர் அன்டெனா நட வேண்டுமென்றாலும் நிர்வாகத்தின் முகம் பார்க்க வேண்டும், தபாலும் தோட்ட அலுவலகம் வழியாக வந்தே பழகியது. இப்படி வாழ்கிறவரிடம் இன்னொரு கொடையாக டேப்லட்டைக் கொடுத்துப் படம் எடுப்பது நாம் பட்ட கடனைத் தீர்க்காது. உரியதைக் கொடுப்பதில் புண்ணியக் கணக்கு எழுதவும் இடமில்லை.

ஒரு லயத்துக்காகக் கோபுரம் போட்டால் கட்டுபடியாகாது என்பது தொலைபேசிக் கம்பனிகளின் நியாயம். அவர்கள் கணக்கில் அது சரி. அதற்காகத்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் 'கமட்ட சன்னிவேதனய' திட்டத்தை இரத்தினபுரியில் தொடங்கியது. அந்தத் திட்டம் எந்த அலகில் அளக்கப்படுகிறது என்பதில்தான் அறம் இருக்கிறது. மாவட்ட மக்கள்தொகையின் சதவீதமாக அளந்தால் கீழ்க்கணக்கு லயம் தசமப் புள்ளிக்குப் பின்னால் மறைந்துவிடும். தோட்டக் கோயிலின் பரிபாலன சபையும் பக்கத்து விகாரையின் பிக்குவும் சேர்ந்து ஒரே மனுவில் ஒப்பமிட்டு, தோட்டம் தோட்டமாக, லயத்தின் வாசலில் நின்று அளந்து அறிக்கை தரும்படி ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.